தம்பியைப் புக்கிக்கு இழுப்பது அவன் குணமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன், சகோதரி. வெள்ளவத்தையில் ஒரே வீட்டில், ஒரே அம்மா அப்பாவிடம் வளர்ந்த இரண்டு பேர். அண்ணா சித்திரை வருடப்பிறப்புக்கு மச்சான்மாரோடு காட்ஸ் விளையாடுவார், ஐந்நூறு ரூபாய் போனால் சிரித்துக்கொண்டு எழும்பிவிடுவார். தம்பி புக்கியில், அதாவது பந்தயக் கடையில், குதிரைக்குக் காசு வைக்கத் தொடங்கி, இப்போது இரவிரவாகப் போனில் கிரிக்கெட் பந்தயம். உங்கள் நகை இரண்டு தடவை அடகுக்குப் போய்விட்டது. "இது அவன்ட குணமா? குணமென்றால் மாத்த ஏலாதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிறபோக்கில், மூன்றாவது தடவையும் கடனைக் கட்டச் சொல்லி அம்மா அழுகிறா என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கேள்வியாகத் தெரிகிறது. தம்பியின் குணம் மாறும் என்று யாராவது நிச்சயமாகச் சொன்னால் கட்டிவிடுவீர்கள். மாறாது என்று சொன்னால் கையை விரிக்கலாம். அப்படி ஒரு நிச்சயத்தை என்னால் தர முடியாது. ஆனால் குணத்துக்கும் சூதுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், கட்டுவதா விடுவதா என்பது இத்தனை இருட்டாக இருக்காது.

கொழும்பில் 19 வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். படித்தது உளவியல், டொக்டர் இல்லை, மருந்து எழுதுவதில்லை. சூதாட்டத்துக்கென்று என்னிடம் வருகிறவர்கள் குறைவு. நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்குது, மனிசி கதைக்கிறா இல்லை என்றுதான் வருவார்கள். மூன்றாவது நான்காவது தடவையில், நேரம் முடிந்து எழும்பி வாசல்வரை போய், கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு, "இன்னுமொரு விசயம் இருக்கு சேர்" என்பார்கள். புக்கி அப்போதுதான் வெளியே வரும்.

குணத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அது ஆளைக் கையில் பிடித்து நேரே புக்கிக்குக் கூட்டிக்கொண்டு போவதில்லை. விளையாட்டிலிருந்து அந்த ஆளுக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் குணம் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பின்னேரம் ஒரு புக்கிக் கடைக்குள் எட்டிப் பாருங்கள். இங்கிலாந்தில் மத்தியானம் தொடங்குகிற ரேஸ் நமக்கு வேலை விட்டு வருகிற நேரத்தில் ஓடும். ஒரே குதிரைக்கு ஒரே தொகையை வைத்துவிட்டு ஒரே டீவியை அண்ணாந்து பார்த்தபடி நாலு பேர் நிற்பார்கள். வாழ்க்கையில் ஒரு ரேஸ் குதிரையைக் கிட்டத்தில் கண்டிராதவர்களாகக்கூட இருக்கலாம். அந்த நாலு பேரும் நாலு வேறு சாமான் வாங்க வந்தவர்கள். ஒருவர் நெஞ்சு பதைக்கிற அந்த இரண்டு நிமிடத்தை வாங்க வந்தவர். ஒருவர் வீட்டை மறந்திருக்க. ஒருவர் கூட்டாளிமாரோடு நிற்க. ஒருவர் உண்மையிலேயே நாளைக்குக் கட்ட வேண்டிய காசுக்காக.

இந்தப் பிரிப்பு என் கண்டுபிடிப்பு இல்லை. மக்கள் ஏன் குடிக்கிறார்கள் என்று கேட்கும் ஒரு வினாக்கொத்து முன்பே இருந்தது. கனடாவைச் சேர்ந்த ஷெரி ஸ்டூவர்ட், மார்ட்டின் ஸாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008இல் அதைச் சூதாட்டத்துக்குப் பொருத்தமாக மாற்றினார்கள். அவர்கள் அளந்த நோக்கங்கள் மூன்று: கிளர்ச்சிக்காக விளையாடுவது, மனக்கஷ்டத்தை ஆற்ற விளையாடுவது, ஆட்களோடு சேர்ந்திருக்க விளையாடுவது. கவனித்தீர்களா, காசு அதில் இல்லை. பிறகு வந்தவர்கள்தான் நாலாவதாகக் காசைச் சேர்த்தார்கள். இது சிரிப்பாகத் தோன்றலாம். சூதாடுகிற யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது காசைத்தானே. ஆனால் குடிக்கிறவர் உடம்பு அலுப்புக்குக் குடிக்கிறேன் என்று சொல்வதைப் போலத்தான் அதுவும். பொய் இல்லை, முழுக் கதையும் இல்லை. காசுதான் நோக்கம் என்றால், வென்றவுடன் எழும்பிப் போக வேண்டும். வென்ற காசோடு வீட்டுக்கு வந்த புக்கிக்காரரை நான் மிகக் குறைவாகவே சந்தித்திருக்கிறேன்.

சேர்ந்திருக்க விளையாடுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொட்டாஞ்சேனையில் ஞாயிற்றுக்கிழமைகளில் 304 என்ற சீட்டு விளையாட்டு ஆடுகிற பெரியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். பத்து ரூபாய்க்குச் சண்டை பிடித்து, பிளேன்டீ குடித்து, ஒன்றாக பஸ் ஏறுவார்கள். கூட்டம் கலைந்தால் விளையாட்டும் கலைந்துவிடும். உங்கள் அண்ணாவும் இந்த வகை என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு மனக்கட்டுப்பாடு கூட என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், இருக்கலாம். ஆனால் அவர் அந்த மேசையில் எதையும் அடக்கிக்கொண்டு இருக்கவில்லை. சீட்டு அவருக்கு ஒன்றும் தருவதில்லை, மச்சான்மார் தருகிறார்கள், அவ்வளவுதான். தம்பியை அவரோடு ஒப்பிட்டு ஏசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி குணத்துக்கு வருவோம். நாம் "அவசரக்காரன்", "பொறுமை இல்லாதவன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை, 2001இல் ஸ்டீபன் வைட்சைட், டொனால்ட் லைனம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். யோசிக்காமல் இறங்குவது ஒன்று. தொடங்கியதை முடிக்காமல் விடுவது வேறொன்று. விறுவிறுப்பைத் தேடி அலைவது இன்னொன்று. மனம் கலங்கிப்போய் இருக்கும்போது மட்டும் அவசரப்படுவது தனி ஒன்று. சந்தோஷம் தலைக்கு ஏறும்போது அவசரப்படுவது என்ற ஐந்தாவதைப் பின்னால் சேர்த்தார்கள். எனக்கு இது படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஏதோ பட்டியல் போலத்தான் இருந்தது. ஆட்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அதன் அருமை விளங்கியது.

ஏனென்றால் நம் வீடுகளில் பயப்படுவது விறுவிறுப்பைத் தேடுகிற பிள்ளைக்கு. மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டுகிறவன், கடலில் தூரம்வரை நீந்துகிறவன், அவன்தான் கெட்டுப்போவான் என்று எண்ணுகிறோம். அப்படிப்பட்டவர்கள் சூதைத் தொட்டுப் பார்க்க வாய்ப்புக் கூடத்தான். கிளர்ச்சிக்காக விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஆனால் தொட்டுப் பார்க்கிறவர்களில் மாட்டிக்கொள்கிறவர் யார் என்று பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, விறுவிறுப்புத் தேடல் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. முன்னால் நிற்பவை மனக்கலக்கத்தில் அவசரப்படுதலும், முன்யோசனை இல்லாமையும். பொதுவான ஆளுமை அளவீடுகளிலும் இதே படம்தான்: எளிதில் கவலைப்படுகிற, மனம் நொந்துபோகிற தன்மை கூட, ஒழுங்கும் பொறுப்பும் குறைவு. இந்த அளவுக்கு நிச்சயமாகச் சொல்லலாம். மெல்லிய குரலில் பேசுகிற, வீட்டில் யாரோடும் எதிர்த்துக் கதைக்காத பிள்ளை ஒருநாள் எட்டு லட்சம் கடனோடு வந்து நிற்கும்போது, "இவனா?" என்று குடும்பமே வாயைப் பிளக்கிறது. எனக்கு இப்போதெல்லாம் அது ஆச்சரியமாக இல்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர், நாற்பது வயதுக்குக் கிட்ட. முதலாளியின் கணக்கில் ஐம்பது சதம் பிழைத்தாலும் இரவு நித்திரை கொள்ள மாட்டார். புக்கிக்கும் அதே மாதிரி 80 பக்கக் கொப்பி ஒன்று வைத்திருந்தார். திகதி, வைத்த காசு, வந்த காசு என்று அடிமட்டம் பிடித்துக் கோடு போட்ட பக்கங்கள். அதை மேசையில் வைத்து, "பாருங்க சேர், ஜூலையில நான் மேல நிக்கிறன்" என்றார். காசுக்காகத்தான் விளையாடுகிறேன், ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறேன், கொஞ்சம் முதல் இருந்தால் போதும் என்று விளக்கினார். நான் அவரோடு வாதாடவில்லை. நாலாவதாக ஒரு கோடு போடச் சொன்னேன். அந்தக் கட்டத்தில், பந்தயம் வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது என்று இரண்டு மூன்று சொல் மட்டும் எழுத வேண்டும்.

ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்தார். பதினொரு வரிகள். "முதலாளி ஆக்களுக்கு முன்னால ஏசினவர்." "அக்காவின்ட கோல்." "மகனின்ட ரிப்போட்." "மழை, சும்மா." "அக்காவின்ட கோல்." "அக்கா காசு போட்டவ." சம்பள நாளுக்கு நேரே ஒன்றும் இல்லை. சம்பளக் காசு கையில் இருந்த நாளில், காசுக்காக விளையாடுகிறவர் விளையாடவில்லை. அவரே விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போனார், பிறகு கொப்பியை மூடிவிட்டார். "அக்காவோட கதைச்சா எனக்குக் குதிரை ஓடுது போல" என்றார். அந்த அக்கா கெட்டவர் இல்லை, சகோதரி; கோபிக்க வேண்டாம். வெளிநாட்டில் இரண்டு வேலை பார்த்துத் தம்பியின் கடனைக் கட்டிக்கொண்டிருந்தவர். அந்த உதவி வரும்போதெல்லாம் இவருக்கு வெட்கம் முட்டும். முட்டுகிற நேரத்தில் இருபது நிமிடம்கூடச் சும்மா இருக்க முடியாத குணம் இவருடையது. முறை, முதல், ஜூலைக் கணக்கு எல்லாம் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

அதனால்தான் நான் யாரிடமும் "ஏன் விளையாடுகிறீர்கள்" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "எப்போது" என்று கேட்கிறேன். கலங்கிய நாளிலா, வெறும் நாளிலா, சந்தோஷமான நாளிலா? சந்தோஷமான நாளில் மட்டும் கவிழ்கிறவர்களும் உண்டு. ஒரு இளைஞன் பதவி உயர்வு கிடைத்த இரவில், கூட்டாளிமாருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தபடி மூன்று மாதச் சம்பளத்தைப் போனில் விட்டான். அவனுக்குக் கவலை ஒன்றும் இருக்கவில்லை. இன்றைக்கு என் நாள் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. இந்த இரண்டு பேருக்கும் ஒரே புத்திமதியைச் சொல்லி அனுப்பினால் ஒருவருக்காவது அது பயன்படாது.

நீங்கள் இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், ஒரே வீட்டில் வளர்ந்தும் எப்படி என்று. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து இன்றுவரை பின்தொடர்ந்து வருகிறார்கள். மூன்று வயதில் ஒரு நிலையில் நிற்காத, எதற்கும் சட்டென்று பொங்குகிற பிள்ளைகளாகக் குறிக்கப்பட்டவர்களிடம், 21 வயதிலும் 32 வயதிலும் சூதாட்டச் சிக்கல் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. குணம் முதலில், சூது பிறகு என்று காலவரிசையோடு காட்டுகிற ஆய்வுகள் குறைவு, அதனால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன். அதே நேரம், அப்படிக் குறிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் சூதாடிகளாக வரவும் இல்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், இந்தச் சிக்கலில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி பிறப்போடு வருவது என்று காட்டுகின்றன. மிச்சத்தில் பெரும்பகுதி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நேர்ந்தது: கிடைத்த கூட்டாளி, முதல் வேலை, முதல் வெற்றி. ஒரே கூரை, ஒரே சாப்பாடு, ஒரே பள்ளிக்கூடம் என்பதன் பங்கு நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது. அம்மா தன் வளர்ப்பில் எங்கே பிழை என்று தேடிக்கொண்டிருந்தால் இதை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

குணத்தில் ஒரு கோளாறும் இல்லாமல் மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2002இல் அலெக்ஸ் பிளாஸ்சின்ஸ்கி, லியா நோவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சூதாட்டச் சிக்கலுக்கு மூன்று பாதைகளை வரைந்தார்கள். அதில் முதல் பாதையில் வருகிறவர்கள் சாதாரண ஆட்கள். கவலை வியாதி இல்லை, அவசரக் குணம் இல்லை. கையெட்டும் தூரத்தில் விளையாட்டு இருந்தது, எப்போதாவது ஒன்று விழுந்தது, பழகிவிட்டது. அடுத்தது எப்போது விழும் என்று தெரியாத பரிசு, நேரம் தவறாமல் வரும் பரிசைவிட வலுவாகப் பழக்கும் என்பது உளவியலில் பழைய, அசைக்க முடியாத பாடம். மயிரிழையில் தவறிய தோல்வி இன்னும் மோசம். கடைசிப் பந்தில் ஒரு ஓட்டத்தால் போன பந்தயத்தை, கிட்டத்தட்ட வென்றுவிட்டதாகவே உள்ளுக்குள் எடுத்துக்கொண்டு திரும்ப விளையாடச் சொல்கிறது மூளை; படமெடுத்துப் பார்த்தபோது வெற்றிக்குத் துடிக்கிற அதே இடங்கள் அதற்கும் துடித்தன. முன்பு புக்கிக்குப் போக வேண்டுமென்றால் சட்டை மாட்ட வேண்டும், தெரிந்தவர் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். கசினோ என்றால் இலங்கையருக்கு டொலர் கணக்கில் நுழைவு வரி. போனில் இதெல்லாம் இல்லை. பந்துக்குப் பந்து வைக்கலாம், கழிப்பறையிலிருந்தும் வைக்கலாம். முன்பு பத்து வருடத்தில் நடந்தது இப்போது பத்து மாதத்தில் நடப்பதை என் மேசையிலிருந்தே பார்க்கிறேன். உங்கள் தம்பியும் புக்கியில் இருந்தவரை சமாளித்து, போனுக்கு மாறிய பிறகுதான் கவிழ்ந்தார் என்றால், பழியில் ஒரு பங்கை அந்தப் போனுக்கும் கொடுங்கள்.

லொத்தர் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தியில் லொத்தர் விற்கிறவரிடம் நின்று பாருங்கள். அவர் மேலே இருக்கிற சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் நம் ஆட்கள் வாங்க மாட்டார்கள். விசிறி போல விரிக்கச் சொல்லி, கண்ணை ஓட்டி, ஒன்றை உருவி எடுப்பார்கள். லக்ன வாசனா என்ற லொத்தர் சீட்டில் இராசியே அச்சடித்திருக்கும்; தன் இராசி வேண்டாம், மகளின் இராசி தா என்று கேட்கிற ஆட்டோக்காரர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். 1975இல் எலன் லாங்கர் என்ற உளவியலாளர் அலுவலக ஊழியர்களுக்கு ஒரு டொலர் சீட்டை விற்று, பிறகு திருப்பித் தரக் கேட்டார். கையில் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக இரண்டு டொலருக்குக் கொஞ்சம் குறைவாகக் கேட்டார்கள். தாங்களே தெரிந்தெடுத்தவர்கள் எட்டரை டொலருக்கும் மேல். தெரிவு தன் கையில் என்றால் அதிர்ஷ்டமும் தன் கையில் என்று தோன்றிவிடுகிறது. இது குணம் பார்த்து வருவதில்லை, எனக்கும் உங்களுக்கும் உண்டு. அந்த ஆட்டோக்காரர் நாளுக்கு ஒரு சீட்டுக்கு மேல் வாங்குவதில்லை, அவரைப் பற்றி நான் கவலைப்படுவதும் இல்லை. கொப்பிக்காரரின் "முறை"யும் இதே சரக்குத்தான், ஆனால் அது வெட்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

காசு நோக்கத்தைத் தள்ளிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு என்னிடம் வந்தவர்களில், கடனை அடைக்கத்தான் தொடங்கினேன் என்றவர்கள் கூடினார்கள். காசுக்காக விளையாடுகிறவர்கள் அடிக்கடி விளையாடுகிறார்கள், அதிகம் இழக்கிறார்கள் என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அது எந்தக் குணத்திலிருந்து கிளம்புகிறது என்பதில் ஒரு தெளிவும் இல்லை. அதோடு, கேட்கிற நேரத்தில் அவர் ஏற்கெனவே கடனில் இருக்கிறார். விட்டதைப் பிடிக்க ஓடுகிறவரை நிறுத்தி, எதற்கு ஓடுகிறாய் என்று கேட்டால் காசு என்றுதான் சொல்வார். முதல் நாள் எதற்கு வந்தார் என்பது அதற்குள் மறந்துபோயிருக்கும். நோக்கங்கள் மாறும், சகோதரி. கூட்டாளிமாரோடு தொடங்கியவர் கிளர்ச்சிக்காகத் தொடர்ந்து, கவலையை ஆற்றப் போய், கடைசியில் கடனுக்காக விளையாடிக்கொண்டிருப்பார். குணம் அதே குணம்தான்.

சந்தேகமானவற்றையும் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன நோக்க அளவீடுகள் பெரும்பாலும் கனடா, அவுஸ்திரேலியா, ஐரோப்பா போன்ற இடங்களில், பல தடவை பல்கலைக்கழக மாணவர்களை வைத்து, ஒரே ஒரு தடவை கேள்வி கேட்டு எடுத்தவை. ஒரு தடவை கேட்டால் எது முந்தி எது பிந்தி என்று தெரியாது. கடன் ஏறிய ஒரு வருடத்தில் யாருக்குத்தான் கவலைக்குணம் கூடாது? அந்தக் கவலையை அளந்துவிட்டு, இந்தக் குணத்தால்தான் சூதாடினார் என்று எழுதினால் அது தலைகீழ். நான் பார்ப்பதும் முழு ஊர் இல்லை. கிளர்ச்சிக்காக விளையாடி, தானே விட்டுவிட்டுப் போனவர் என்னிடம் ஏன் வரப்போகிறார்? மனம் நொந்தவர்கள்தான் வருகிறார்கள், அதனால் எனக்கு எல்லோரும் மனம் நொந்தவர்களாகத் தெரிகிறார்கள். உங்கள் தம்பியை நான் கண்டதில்லை. ஒரு பத்தியை வாசித்துவிட்டு அவர் எந்த வகை என்று சொல்வது சாத்திரம் பார்ப்பது போலாகிவிடும். ஏழரைச் சனி என்று உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள்; இரண்டாவது ஆள் தேவையில்லை.

ஒன்றை மட்டும் விசாரித்துப் பாருங்கள். தம்பிக்கு இளம் வயது என்பதால் பொருந்தாமல் இருக்கலாம், ஆனால் இதை வாசிக்கிற வேறு யாருக்காவது பயன்படும். வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாத ஒருவர் அறுபது வயதில் திடீரென்று சூதில் இறங்கினால், முதலில் அவர் குடிக்கிற மருந்தைப் பாருங்கள். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற பிரமிபெக்சோல் போன்ற மருந்துகள் சிலருக்கு இப்படிச் செய்யும். மனநோய்க்குக் கொடுக்கிற அரிப்பிப்ரசோலுக்கும் 2016இல் அமெரிக்காவில் இந்த எச்சரிக்கையைச் சேர்த்தார்கள். தானாக நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்த டொக்டரிடம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் "வயது போன நேரத்தில் புத்தி கெட்டுப்போச்சு" என்று அப்பாவோடு கதைக்காமல் விட்ட ஒரு குடும்பம் எனக்குத் தெரியும்.

சரி, கடன். மூன்றாவது தடவை கட்டுவதா? சூதாட்டக் கோளாறு என்று முடிவு செய்ய மனநல மருத்துவர்கள் 2013இலிருந்து பாவிக்கிற அமெரிக்க வழிகாட்டியில் ஒன்பது அடையாளங்கள் இருக்கின்றன. பன்னிரண்டு மாதத்துக்குள் நாலு இருந்தால் போதும். விட்டதைப் பிடிக்கத் திரும்பப் போவது ஒன்று. பொய் சொல்வது ஒன்று. மனம் கலங்கிய நேரத்தில் விளையாடுவது ஒன்று. காசு முடை வரும்போது மற்றவர்களை நம்பியிருப்பதும் அந்த ஒன்பதில் ஒன்று. அதாவது உங்கள் நகை அடகுக்குப் போவது சிகிச்சைப் பக்கத்தில் இல்லை, அடையாளங்களின் பக்கத்தில் இருக்கிறது. அதற்காக முகத்தில் கதவை அடிக்கச் சொல்லவில்லை. காசைத் தம்பியின் கையில் கொடுக்காதீர்கள் என்கிறேன். வாசலுக்கு வந்து மிரட்டுகிற நாள் வட்டிக்காரர் இருந்தால், அது பாதுகாப்புப் பிரச்சினை. அதைப் பெரியவர் ஒருவரை வைத்து நேரே பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். மிச்சக் கடன் அவர் பெயரில் இருக்கட்டும், மாதாமாதம் அவர் சம்பளத்திலிருந்து போகட்டும். அம்மா அழுவா. அழட்டும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் அம்மாவின் அழுகையை நிறுத்தக் கட்டிய இரண்டு தடவையும் என்ன நடந்தது என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

குணம் மாறுமா என்ற கேள்விக்கு, நீங்கள் எதிர்பார்ப்பதைவிட நல்ல செய்தி இருக்கிறது. 2017இல் 207 ஆய்வுகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களின் குணக்கூறுகள் சில வாரங்களிலேயே அளக்கக்கூடிய அளவுக்கு நகர்ந்திருந்தன. அதிகம் நகர்ந்தது எளிதில் மனம் நோகிற அந்தத் தன்மைதான். ஆளே வேறாகிவிட மாட்டார். ஆனால் குணத்தை மாற்றிவிட்டுத்தான் சூதை நிறுத்த வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவில் எடுத்த இரண்டு பெரிய கணக்கெடுப்புகளில், வாழ்நாளில் இந்தக் கோளாறு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடைசி ஒரு வருடத்தில் சிக்கல் இல்லாமல் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சைக்கும் போகாதவர்கள். என் அனுபவத்தில், கலங்கிய நேரத்துக் குணம் உள்ளவருக்கு அந்த இருபது நிமிடத்தைக் கடக்க ஒரு வழி வேண்டும். போனைப் பறித்துவிட்டு அதைக் கொடுக்காமல் விட்டால் தவறணைக்குப் போவார். சந்தோஷத்தில் கவிழ்கிறவருக்கு, காசு கைக்கு வரும் நாளில் அதைத் தாமதிக்க ஏற்பாடு வேண்டும். சம்பளம் மனைவியின் கணக்குக்குப் போவதே பாதி மருந்து. வெறும் பழக்கத்தால் மாட்டியவருக்கு வசதியைக் குறைத்தாலே நிறையத் தூரம் வந்துவிடலாம்.

ஆகவே இந்த வாரம் தம்பியோடு கதைக்கும்போது "ஏன்டா" என்று தொடங்காதீர்கள். அதற்கு அவரிடம் காசு என்ற பதில் தயாராக இருக்கிறது. கடைசியாக வைத்தது எந்த நாள், அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், அதுதான் கஷ்டம். அவர் பதிலில் உங்கள் பெயர் வந்தாலும் வரலாம். கேட்கிறபோது, வாழ விருப்பமில்லை என்கிற மாதிரி ஒரு சொல் வந்தால் கடன் கதையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு அவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். சூதுக் கடனில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணம் வருவது அரிது இல்லை. அந்த நிறுவகம் இருக்கிற அங்கொடையின் பெயரைக் கேட்டவுடன் வீட்டில் முகம் சுளிப்பார்கள், தெரியும். அப்படியென்றால் உங்களுக்குக் கிட்ட இருக்கிற அரச ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது மருந்துச் சீட்டுகள் ஏதும் இருந்தால் அவற்றையும், போனில் பந்தயக் கணக்கின் விபரத்தையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். திகதியும் நேரமும் அதில் இருக்கும். கோடு போட்ட கொப்பி அவருக்குத் தேவைப்படாது.